நாடகத் தந்தை பம்மல் சம்பந்தனார்

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையின் அடிவாரத்தே படவேடு என்னும் பழம்பதி அமைந்துள்ளது. சம்புவராய மன்னர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட அவ்வூர், இரேணுகாம்பாள் திருக்கோயிலால் பெரும்பெயர் பெற்றது. ஆடித் திங்களின் வெள்ளிக்கிழமைகளில் அங்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அம்மலையைச் சூழ்ந்த நாட்டுப்புறம் தெருக்கூத்துக்கும் பேர்போனது. திரௌபதியம்மன் விழா நாள்களில் பாரதக் கதை இரவு முழுவதும் கூத்தாக ஆடப்பெறும். மத்தளமும் முகவீணையும் முழங்க, இருவர் திரை பிடிப்பர். திரையின் பின்னே நின்று வேடம் பூண்டவர் பாடத் தொடங்குவார். அப்பொழுது கட்டியங்காரன் முன்வந்து, வந்திருப்பவர் யாவர், எந்நாட்டவர், என்ன காரியமாக வந்தனர் என்று வினவுவான். இடையிடையே நகைச்சுவையும் பெய்வான். துரியோதனன் ஆனால் என்ன, துச்சாதனன் ஆனால் என்ன, எவரையும் எள்ளிப் பேசும் உரிமை அவனுக்கு உண்டு. சிறுவரும் முதியவரும் விடியுமளவும் கண்ணுறங்காது அமர்ந்து அக்கூத்தில் திளைப்பர்.

பொழுது புலர்ந்தபின் நிகழ்வதோ வேறு. தோளிலிருந்து புயக்கட்டையும் முகத்திலிருந்து அரிதாரமும் நீங்கியவுடன், இரவெல்லாம் அரசனாக வீற்றிருந்தவன் வெறுங் கூத்தாடி ஆகிவிடுகின்றான். அச்சொல்லையே வசைச்சொல்லாக வழங்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. கலையைப் போற்றுவதும் கலைஞனை இகழ்வதும் ஒரே மக்களிடத்தே ஒருங்கு காணப்பட்டமை வியப்பிற்குரியது.

இவ்விகழ்ச்சி தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1572-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெருமக்கள் எவருடைய ஆதரவுமின்றி ஊர் சுற்றி நடிப்போரை, ஊரூராய்த் திரியும் நாடோடிக் கூட்டத்தாருள் ஒருவராக எண்ணியது. சேக்சுபியர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின், 1642-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நாடக அரங்குகளையே மூடிவிட்டது. மூடிய கதவுகள் மீளத் திறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு நாட்டிலோ, நடிகன் இறந்தால் அவனைப் புதைப்பதற்கும் திருச்சபை இடந்தர மறுத்தது. அந்நாடுகளின் நாடகங்களைத் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தவரும், நடிகர்மீது படிந்திருந்த இழிவைத் துடைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவரும் ஒருவரே. அவர் பம்மல் சம்பந்த முதலியார் ஆவர்.

சம்பந்தனார் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிறந்தார். சென்னையை அடுத்த பல்லாவரத்தின் அருகிலுள்ள பம்மல் என்னும் ஊர் அவர்தம் குடும்பத்தின் ஊராகும். தந்தையார் விசயரங்க முதலியார். பள்ளிகளை ஆய்வு செய்யும் அலுவலில் இருந்ததோடு, தமிழ் நூல்களை வெளியிட்டும் வந்தார். தாயார் மாணிக்கவேலம்மாள். நூல்கள் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கல்வியில் நாட்டம் உண்டானதில் வியப்பில்லை. மாநிலக் கல்லூரியில் பயின்றபோது ஆங்கில நாடக நூல்கள் அவருடைய உள்ளத்தைப் பிணித்தன. ஆயின் தமிழ் நாடகம் என்றால் அவருக்கு அளவிலா வெறுப்பு. அந்நாளில் நகரத்தில் நடைபெற்ற தமிழ் நாடகங்களில் இரவெல்லாம் பாட்டே மிகுந்திருந்தது. கதைக்கும் பேச்சுக்கும் இடம் குறைவு. கற்றோர் அவற்றைக் காணச் செல்வதையே நாணத்தக்கதாகக் கருதினர். இளைஞராகிய சம்பந்தனாரும் அக்கருத்தே உடையவராயிருந்தார். தமிழ் நாடகத்தின் தந்தை எனப் பின்னாளில் போற்றப்பெற்றவர் முன்னாளில் அதனை எட்டிப் பார்க்கவும் விரும்பாதவராயிருந்தார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

அவர்தம் மனத்தை மாற்றிய நிகழ்ச்சி 1891-இல் நேர்ந்தது. பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாசார்யலு என்பவர் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். அவருடன் நடித்தோரும் கற்றறிந்து, ஊரில் நன்மதிப்புப் பெற்றவர்கள். பதினெட்டு வயதினரான சம்பந்தனார் அந்நாடகங்களைக் கண்டார். மேடையில் நின்றவர் நீதிமன்றத்தில் வழக்காடுபவர் என்பதும், அதனால் அவருடைய மதிப்பு ஓர் அணுவளவும் குறையவில்லை என்பதும் அவருள்ளத்தில் தைத்தன. நாடகத்தில் குற்றமில்லை, அதனைக் கற்றோர் கைவிட்டதே குற்றம் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. தெலுங்கருக்கு இயன்றது தமிழருக்கு ஏன் இயலாது என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை போலும். அதே ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளில், தம் நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபை என்னும் நாடகக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

அக்கழகம் கூலிக்கு நடிக்கும் குழுவன்று. கலையார்வத்தால் ஓய்வு நேரத்தில் நடிப்போர் கூடிய பயில்முறைக் குழு. அதன் உறுப்பினருள் வழக்கறிஞரும் அரசு அலுவலரும் மாணவரும் பலர். பெண் வேடங்களையும் ஆடவரே பூண்டனர். சம்பந்தனாரின் நண்பரான ரங்கவடிவேலு என்பவர் தலைவி வேடம் தாங்குவதில் பெரும்புகழ் எய்தினார். சேக்சுபியர் காலத்து ஆங்கில மேடையிலும் பெண்கள் நடித்ததில்லை. இளஞ்சிறுவரே அவ்வேடங்களை ஏற்றனர்.

சம்பந்தனார் எழுதிய முதல் நாடகமாகிய புஷ்பவல்லி 1893-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறியது. அன்றைய தடுமாற்றங்களை அவரே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்துள்ளார். இளமையில் தொடங்கிய எழுத்து முதுமைவரை நின்றதில்லை. அவர் இயற்றிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டன. புராணக் கதை, கற்பனைக் கதை, வடமொழித் தழுவல், ஆங்கிலத் தழுவல், நகைச்சுவை எனப் பல திறத்தனவாக அவை விரிந்தன.

அவர் செய்த மாற்றங்களுள் தலையாயது உரைநடைக்கு முதலிடம் தந்ததாகும். பாத்திரங்கள் பாடிக்கொண்டே அழுவதும், பாடிக்கொண்டே இறப்பதும் அவருக்கு உடன்பாடில்லை. மனிதர் துன்புறும்போது பேசுவது போலவே மேடையிலும் பேசுதல் வேண்டும் என்று கொண்டார். பாட்டைக் குறைத்தார். விடியுமளவும் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் சுருக்கினார். குறித்த நேரத்தில் திரையைத் தூக்குதல், ஒத்திகையைத் தவறாது நடத்துதல் ஆகியவற்றில் அவர் கண்டிப்பு மிக்கவர். இன்று இவையெல்லாம் எளியனவாகத் தோன்றும். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது எவருக்கும் தெரியாதிருந்த காலத்தில் அவை எளியனவாக இருந்திரா.

1895-இல் அரங்கேறிய மனோகரன் அவருக்கு அழியாப் புகழ் ஈட்டித் தந்தது. புருடோத்தமன் என்னும் அரசன், வசந்தசேனை என்னும் தீயவளின் வலையில் வீழ்ந்து, அரசி பத்மாவதியைப் புறக்கணிக்கின்றான். மகன் மனோகரன் வீரத்தில் நிகரற்றவன். தந்தையின் செயல் கண்டு கொதிக்கின்றான். ஆயினும் அன்னையின் ஆணை அவன் கையைக் கட்டி நிற்கின்றது. சங்கிலியால் பிணிக்கப்பட்டு அவைமுன் நிற்கும் அவனைப் பிணித்தது இரும்பன்று, தாயின் சொல்லே என்பதைக் காண்போர் உணர்வர். தாயின் சொல்லுக்கும் தன் சினத்திற்கும் இடையே ஓர் இளைஞன் படும் பாட்டைத் தமிழ் மேடை அதற்கு முன்னர் அவ்வாறு கண்டதில்லை. தொழில்முறைக் குழுக்களும் இந்நாடகத்தை விரும்பி ஏற்றன. டி. கே. எஸ். சகோதரர்கள் இதனை நடித்துப் பெயர் பெற்றனர். 1936-இல் இது திரைப்படமானபோது அரசன் வேடத்தைச் சம்பந்தனாரே தாங்கினார். 1954-இல் மீண்டும் படமாகி, சிவாஜி கணேசனின் நடிப்பால் ஊர்தோறும் பரவியது.

இனி, மேலைநாட்டு நாடகங்களை அவர் தமிழாக்கிய முறையைக் காண்போம். சேக்சுபியரின் நாடகங்களுள் ஐந்தனை அவர் தமிழில் தந்தார். ஆமுலெத்து அவர் கையில் அமலாதித்யன் ஆனான். மாக்குபெத்து மகபதி ஆனான். சிம்பெலின் சிம்மளநாதன் ஆனான். வெனிசு நகரம் வாணிபுரமாகி, அந்நகரத்து வணிகன் வாணீபுரத்து வணிகன் ஆனான். விரும்பிய விதமே என்பது மற்றொன்று. இப்பெயர்களைச் சற்றே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். அயல்நாட்டுப் பெயரின் ஓசை செவியில் நிற்க, பொருளோ நம் நாட்டதாக அமைந்திருத்தல் புலனாகும். அமலாதித்யன் என்ற பெயரைக் கேட்டவர், அவன் வடகடற்கரை நாடொன்றின் இளவரசன் என்று எண்ணார். நம் நாட்டு அரசகுமாரன் என்றே கொள்வர். கற்றவர்க்கு மூலநூலை நினைவூட்டி, கல்லாதவர்க்கு அயன்மை தோன்றாமற் செய்யும் நுட்பம் அது. அமலாதித்யன் வேடத்தைச் சம்பந்தனாரே பூண்டு நடித்தார்.

ஆங்கிலத்தோடு அவர் நிற்கவில்லை. காளப்பன் கள்ளத்தனம் என்னும் அவருடைய நகைச்சுவை நாடகம் பிரெஞ்சு நாட்டு மோலியேர் எழுதிய நாடகத்தின் தழுவலாகும். மூலத்தில் அவ்வேலைக்காரனின் பெயர் ஸ்காபென். அவனே இங்குக் காளப்பன். 1671-இல் பாரிசு நகரில் அரங்கேறிய அந்நாடகத்தில் அவ்வேடத்தை மோலியேரே பூண்டார். தந்தையர் இருவர் ஊரில் இல்லாத வேளையில் மைந்தர் இருவரும் தம் விருப்பப்படி காதலில் வீழ்கின்றனர். தந்தையர் திரும்பியதும் இளைஞர் நடுங்குகின்றனர். பணமும் தேவைப்படுகின்றது. அந்நிலையில் வேலைக்காரனாகிய ஸ்காபென் தன் சூழ்ச்சியால் கஞ்சத் தந்தையரிடமிருந்து பணத்தைக் கறக்கின்றான். கொலைஞர் தேடிவருவதாகப் பொய்கூறி, முதியவர் ஒருவரைக் கோணிப்பையினுள் ஒளியச் செய்து, பல குரலில் பேசிக்கொண்டே கோலால் புடைக்கின்றான். முடிவில் அவ்விளைஞர் விரும்பிய மங்கையர் அம்முதியவர்களின் மகளிரே எனத் தெரியவர, யாவும் இனிதே முடிகின்றன. தண்டனைக்கு அஞ்சிய ஸ்காபென், சாகக் கிடப்பவன்போல் நடித்து மன்னிப்பும் பெற்றுவிடுகின்றான்.

அறிவிற் சிறந்த நாடகங்களை எழுதியவர் இத்தகைய கோமாளித்தனத்திற்கு இறங்கலாமோ என்று அந்நாட்டுப் புலவர் புவாலோ வருந்தினார். அவர் வருந்தியது பொருத்தமன்று. பெரியவர்களை எள்ளுதற்கு எளியவன் ஒருவனுக்கு மேடையிலேனும் உரிமை வேண்டும். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் அதுவே. வேடமும் மொழியும் வேறாயினும், ஸ்காபெனும் கட்டியங்காரனும் ஒரு குலத்தவர் என்றே கூறலாம்.

மோலியேரின் வாழ்க்கையைச் சிறிது அறிந்தால், சம்பந்தனார் செய்த தொண்டின் அருமை நன்கு விளங்கும். அவர் 1622-இல் பாரிசு நகரில் பிறந்தார். தந்தை அரண்மனைக்கு மெத்தையும் திரையும் அமைத்துத் தரும் செல்வர். மகனுக்கு நல்ல கல்வியும் அரண்மனைப் பதவியும் வாய்க்கும் நிலையில் இருந்தார். மகனோ அவற்றைத் துறந்து 1643-இல் நாடகக் குழுவொன்றை அமைத்தார். இரண்டாண்டிற்குள் கடனுக்காகச் சிறை புகுந்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் குழுவுடன் நாட்டுப்புறமெங்கும் அலைந்தார். 1658-இல் பதினான்காம் லூயி மன்னன்முன் நடித்து அவனுடைய ஆதரவைப் பெற்றார். பக்தி வேடமிட்டு ஏமாற்றுவோனைச் சாடும் தார்த்தூப் என்னும் நாடகத்தை 1664-இல் எழுதியபோது சமயத் தலைவர் சினந்தெழுந்தனர். அது பொதுமக்கள்முன் நடைபெற ஐந்தாண்டு தடை நின்றது. 1673-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், நோயில்லாமலே நோயாளி என்று எண்ணிக்கொள்பவன் வேடத்தில் மேடையில் நின்றபோது, உண்மையாகவே நோய் முற்றி வருந்தினார். நாடகத்தை முடித்துவிட்டே இல்லம் சேர்ந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. நடிப்புத் தொழிலைக் கைவிடுவதாக உறுதி கூறாது இறந்தவர் என்பதால் அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. அவர்தம் மனைவி அரசனிடம் முறையிட்டபின், இரவு வேளையில் சடங்கு சிறப்பின்றிப் புதைக்க இசைவு கிடைத்தது. நாட்டையே நகைக்கச் செய்தவருக்கு நாடு அளித்த கைம்மாறு இது!

மோலியேர் நடிகராவதற்காகத் தம் நற்பெயரை இழந்தார். சம்பந்தனாரோ நற்பெயரை இழவாமலே நடிகராகலாம் என்று காட்ட முற்பட்டார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பகலில் நீதிமன்றமும் மாலையில் ஒத்திகையும் என இரண்டினையும் நடத்தினார். 1924-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து 1928-இல் ஓய்வு பெற்றார். அரிதாரம் பூசிய முகம் நீதிபதியின் இருக்கைக்குத் தகுதியற்றதன்று என்பதை ஊர் கண்டது. நாட்டுத் தலைவர் சத்தியமூர்த்தியும், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் சுகுண விலாச சபையின் மேடையில் நடித்தவர்கள். சபையினர் இலங்கைக்கும் சென்று நடித்தனர். அங்குக் கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் சம்பந்தனாரையே குருவாகக் கொண்டு ஈழத்து நாடகத்தை வளர்த்தனர்.

அவருடைய நகைச்சுவை நாடகங்களுள் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது சபாபதி. தலைவனுக்கும் சபாபதி என்பதே பெயர். வேலைக்காரனுக்கும் அதுவே பெயர். காளப்பன் தலைவரை ஏய்க்கும் கூரிய அறிவினன். சபாபதியோ சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாது செய்து, தலைவனைத் திண்டாடவைக்கும் பேதை. இந்நாடகமும் 1941-இல் திரைப்படமாகிப் பலரை மகிழ்வித்தது.

சம்பந்தனாரிடம் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. அவருடைய உரைநடையில் வடசொற்கள் மிகுதி. சில நாடகங்களில் பாத்திரங்களின் பேச்சு அளவின்றி நீள்கின்றது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கற்றவர் நடித்தால் இழிவில்லை என்பதை அவர் மெய்ப்பித்தார். ஆனால் நடிப்பையே தொழிலாகக் கொண்டு வயிறு வளர்த்த ஏழை நடிகனுக்கு அம்மதிப்பு உடனே கிட்டவில்லை. அக்காலத்தே சங்கரதாசு சுவாமிகள் வறிய குடும்பத்துச் சிறுவரைத் திரட்டி, பாட்டும் நடிப்பும் கற்பித்து, ஊர் ஊராக அழைத்துச் சென்றார். சபையின் புகழ் நகரத்து மண்டபத்தில் ஓங்கிய நாளிலும், அச்சிறுவர்கள் கொட்டகையிலேயே உறங்கி எழுந்தனர். சவ்வாது மலையடிவாரத்துக் கூத்தர் தெருவிலேயே நின்றனர். எனினும், மனோகரனைத் தொழில்முறை நடிகர் ஏற்று நடித்தபோது, இரு சாராருக்கும் இடையே நின்ற சுவரில் ஒரு வாயில் திறந்தது எனலாம்.

முதுமையில் அவர் தம் நாடக வாழ்வின் செய்திகளைத் திரட்டி, நாடக மேடை நினைவுகள் என்னும் பெயரால் பல பகுதிகளாக எழுதினார். அந்நூலில் தம் வெற்றிகளைக் கூறியதுபோலவே, தவறிய இடங்களையும் கூறினார். மறதியால் வந்த குழப்பம், ஒத்திகைக் குறைவால் நேர்ந்த நகைப்பு ஆகியன அதில் உள. அந்நாளையத் தமிழ் மேடையின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அதுவே முதன்மையான சான்று.

ஆங்கில ஆட்சியில் இராவ் பகதூர் பட்டமும், 1959-இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. ஓர் ஊரில் கூத்தாடி என்று இகழத்தக்க தொழிலைச் செய்ததற்காகவே அவ்விருது அளிக்கப்பெற்றது என்பது கருதத்தக்கது. தொண்ணூற்றோராண்டு நிறைவாழ்வு வாழ்ந்த சம்பந்தனார், 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார்.